வயிறு என்றால் எந்த இடம்

ஜூன் 2, 2025, திங்கள்

மேலகரம் பேரூராட்சிக்கும் அதன் சுற்றுவட்டார மக்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் வழியில், என் அப்பா ஸ்டான்லியின் கடையில் தொங்கிக்கொண்டிருந்த புத்தம்புதிய நீல நிற ஜட்டி ஒன்று இன்று காலை ஒரு குரங்கால் கடத்தப்பட்டது. குரங்கு அதைத் தலையில் மாட்டிக்கொண்டு எதிர்க்கடைத் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் குளிப்பதை மறந்து போட்டோ எடுத்தது. அப்பா கம்போடு ஓடிப்போய், “ஏ சவமே, அது எக்ஸ்எல்லு! ஒனக்குச் சேராது, கீழ போடு!” என்றார். குரங்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது செய்தி: பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஜெபசிங் ஆகிய நான் இனி பிளஸ் டூ. கெமிஸ்ட்ரி சார் வந்ததும் முதல் வேலையாக என்னைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினார். ஏன் சார் என்றேன். “நீ பின்னால இருந்தா எனக்கு வயித்தக் கலக்குதுலே” என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, செய்தியே இல்லை. சாரல் பிடித்துவிட்டது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் கிடக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே அம்மா உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். “எம்மா, குத்தாலத்துச் சீசன்ல வேர்க்கிற ஒரே ஆளு நீதான். டிக்கெட் போட்டு ஒன்னயக் காட்டலாம்” என்றேன். சிரித்தாள். இல்லை, சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

போன வருஷத் தொடக்கத்தில் அம்மாவுக்கு மாசாமாசம் ரத்தம் நிற்காமல் போனது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். (பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்பது வக்கீல் உத்தரவு. மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பதால் இங்கே அது மஞ்சக்கட்டடம்.) அங்கே டாக்டரம்மா, “உள்ள ஒரு சின்ன சாமான் வச்சுட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல” என்றாராம். டி எழுத்து மாதிரி இருக்கும். தீக்குச்சியை விடச் சின்னது. கருத்தடைக்கு வைப்பது, அதிலிருந்து ஹார்மோன் மருந்து துளித்துளியாகக் கசிந்து ரத்தப்போக்கையும் குறைக்குமாம். அம்மா இங்கிலீஷில் அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டாள். வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வலி. மூன்று தடவை மஞ்சக்கட்டடத்துக்குப் போய் வயித்து வலி என்றாள். மூன்று தடவையும் கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தால், அந்தச் சாமான் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து கிடக்கிறது. சுற்றிலும் சீழ். கர்ப்பப்பையையும் அதன் இரண்டு பக்கமும் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். உடம்பில் ஹார்மோன் சுரப்பது நின்றுபோனதால்தான் இந்த வேர்வை. அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு.

இப்போது மஞ்சக்கட்டடத்தின் மேல் திருநெல்வேலி நுகர்வோர் கோர்ட்டில் கேஸ். முதலில் வயிற்றில் கேஸ். பிறகு கோர்ட்டில் கேஸ். நடுவில் ஒரு கர்ப்பப்பை போயிற்று.

இதை ஜோக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ரூபி அக்கா அம்மாவை ஓரமாக இழுத்தார். பாட்டுக் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்.

“எப்சிபா, தப்பா நெனைக்காத. இதையெல்லாம் போயி நாலு ஆம்பளைங்க இருக்கிற எடத்துல சொல்லுதது நல்லாவா இருக்கு? ஒம் பையன் வேற வளந்துட்டான்.”

“பாத்துக்கிடுதேன் அக்கா” என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

பழிவாங்கும் படலம்: அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ரூபி அக்காவின் வலது செருப்பையும் போதகர் ஐயாவின் இடது செருப்பையும் ஜோடி சேர்த்து வாசல் நடுவில் வைத்தேன். சபையே பார்த்தது. பரிசுத்த விவாகம்.

அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். “இனி அவ மொகத்துல எப்படி முழிப்பேன்” என்று படுத்துக்கொண்டாள்.

ஜூன் 28, சனி

அம்மா, அப்பா, நான் மூவரும் திருநெல்வேலியில் வக்கீல் இராமலட்சுமியின் ஆபீசுக்குப் போனோம். நான் துணைக்கு. துணை என்றால் மிக்சர் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருபவன்.

மஞ்சக்கட்டடம் பதில் மனு போட்டிருக்கிறது. மேடம் அதில் ஒரு வரியை மட்டும் வாசித்தார். மனுதாரர் எந்த வருகையின்போதும் கர்ப்பப்பை சார்ந்த வலி இருப்பதாகத் தெரிவிக்கவில்லை. வயிற்று வலி என்று மட்டுமே கூறினார். அதற்குரிய சிகிச்சை அளிக்கப்பட்டது.

“அந்தச் சாமான வச்சதே தப்புன்னு நாம சொல்லல எப்சிபா” என்றார் மேடம். “எத்தனையோ பேரு வச்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. எப்பவாவது ஒருத்தருக்கு இப்படித் தொளச்சிரும். அத ஒங்களுக்கு முன்னாடியே சொல்லிருக்கணும். வலின்னு வந்து நின்னா ஸ்கேன் பாத்திருக்கணும். அதான் நம்ம கேஸு. அவங்க என்னடான்னா, நீங்க சொல்லவே இல்லங்காங்க.”

“சொன்னேன் மேடம்.”

“என்னன்னு சொன்னீங்க?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

“வயிறு வலிக்குன்னு சொன்னேன்.”

“வேற எதாவது?”

அம்மா வாயெடுத்தாள். அதற்குள் நான், “மேடம், எங்கம்மா டிக்ஷனரில கழுத்துக்குக் கீழ முழங்காலுக்கு மேல எல்லாமே வயிறுதான்” என்றேன். மேடம் சிரித்துவிட்டார். அப்பாகூடச் சிரித்தார். “வேற ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள் அம்மா.

வழக்கமாகக் கேள்வியை எழுதிக் கொடுத்து, பதிலை எழுதி வாங்கிக்கொள்வார்களாம். ஆனால் எதிர்த்தரப்பு அம்மாவை நேரில் நிறுத்தி விசாரிக்கவேண்டும் என்று கேட்டு, அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அந்த இடத்தில் அம்மா அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லியாகவேண்டும். “பழகிக்கோங்க” என்றார் மேடம்.

ஜூலை 4, வெள்ளி

வாய்தா. மறுபடியும் வாய்தா. கோர்ட்டு அம்மாவைப் பார்த்து ‘வாய் தா, வாய் தா’ என்கிறது. அம்மாவிடம் இல்லாதது அதுதான்.

ஜூலை 12, சனி

சீசன் கூட்டம். துண்டும் சோப்பும் எண்ணெய்ப் பாக்கெட்டும் பறக்கின்றன. ஆடி பிறக்கப்போகிறது என்று ‘தள்ளுபடி’ அட்டையைச் சிவப்பு மையில் நானே எழுதிக் கட்டினேன். அந்த நேரத்தில் ஒருவர் குடையோடு வந்து, “அண்ணாச்சி, ஒரு துண்டு எடுங்க” என்றார். துண்டை வாங்கிய பிறகும் போகவில்லை. மஞ்சக்கட்டடத்தின் மேனேஜராம்.

“செய்ய வேண்டியத நாங்க செஞ்சிருதோம் அண்ணாச்சி. கேஸ வாபஸ் வாங்கிருங்க. வீட்டுப் பொம்பளைய கோர்ட்டுல நிறுத்தி, அங்க என்ன, இங்க என்னன்னு கேக்கணுமா? நீங்களே சொல்லுங்க.”

அப்பா மடித்த துண்டை மறுபடி மடித்தார்.

வீட்டில் வெடித்தது.

“ஏட்டி, அவன் சொல்லுததுல என்ன தப்பு? போனது போச்சு. ஊரு சிரிக்கதுக்கா?”

“செரி, வாபஸ் வாங்கிருவோம். அந்த ஒத்த வரிய மட்டும் அவங்க அழிச்சிரட்டும்.”

“எந்த வரிய?”

“நான் சொல்லலன்னு எழுதிருக்காங்கள்லா. அத. வேற ஒண்ணுமே எனக்கு வேண்டாம். மூணு தடவ அங்கன போயி நின்னுருக்கேன். நான் ஊமையாங்க? வலிய நானே வச்சிக்கிட்டுச் சும்மா இருந்து, நானே வயித்த அழுக விட்டேன்னுல்லா இருக்கு அதுல?”

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. உண்மையிலேயே தேடினேன்.

ஜூலை 20, ஞாயிறு

வரலாற்றில் முதல்முறையாக, எங்கள் வீட்டு அடுக்களையில் நீதிமன்றம் கூடியது. நீதிபதி: இட்லிக் கொப்பரை. எதிர்த்தரப்பு வக்கீல்: கடையிலிருந்து எடுத்துவந்த கறுப்புத் துண்டைத் தோளில் போர்த்திய நான். சாட்சி: தேங்காய் துருவிக்கொண்டிருந்த எப்சிபா.

“சாட்சி, எங்கே வலிப்பதாகச் சொன்னீர்கள்?”

“வயித்துல.”

“வயிறு என்பது இட்லி போகும் இடம். இட்லி போகும் இடத்துக்கு இட்லி போகும் மருந்து கொடுத்தார்கள். இதில் குற்றம் என்ன, கொப்பரை அவர்களே?”

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நான் விடவில்லை. “சிரிக்காம அந்த வார்த்தையச் சொல்லும்மா. ஒரே ஒரு தடவ. கோர்ட்டுல கேப்பாங்கள்லா.”

“எந்த வார்த்தைய?”

“அதான்… அது.”

“எது?”

“அதாம்மா. அந்த… பை.”

அம்மா துருவுவதை நிறுத்தினாள். “பாத்தியாலே, ஒனக்கே வரல. என்னையச் சொல்லச் சொல்லுத.”

வக்கீலுக்குத் தொண்டை சரியில்லை என்று கோர்ட்டை ஒத்திவைத்தேன்.

ஜூலை 23, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! கேஸ் முடிந்தது. மஞ்சக்கட்டடம் காலி.

தென்காசி பஸ்ஸில் ஒரு அக்கா ஏறினார். மூச்சு வாங்கியபடி, “வயித்துல புள்ள இருக்கு, யாராவது எடம் குடுங்களேன்” என்றார். கண்டக்டர் உடனே என் பிடரியில் தட்டி, “எந்திலே” என்றார். எழுந்தேன். எழுந்த வேகத்தில் மூளையும் எழுந்தது. வயித்துல புள்ள! அந்தக் கண்டக்டர் ‘எந்த வயிறு? இட்லி போகும் வயிறா?’ என்று கேட்டாரா? ஊரில் ஒரு ஆள் கேட்பானா?

ஆகவே அம்மா கோர்ட்டில் சொல்லவேண்டிய வசனம், ஆக்கம் ஜெபசிங்: “வயித்துல புள்ளைன்னா எந்த எடம்னு பஸ் கண்டக்டருக்குத் தெரியுது. படிச்ச டாக்டருக்குத் தெரியாதா?”

எழுதிக் கொடுத்தேன். அம்மா ரெண்டு தடவை வாசித்தாள். “நல்லாத்தான் இருக்குலே” என்றாள். மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்த வக்கீல் அப்படியே வாயடைத்து உட்காரப்போகிறார். வகுப்பில் தேவாவிடம் சொன்னேன். ஒரே பெஞ்சு, ஒரே மார்க்கு, அப்படிப்பட்ட நண்பன். “எங்க வீட்ல வக்கீலே நான்தாம்லே” என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வகுப்பில் ஒருவன் என்னைப் பார்த்து, “ஏலே, கேஸு சிலிண்டர் வருதுலே” என்றான். நல்ல ஜோக்குதான். நானே அவனுக்கு மார்க் போட்டேன். அப்புறம் என் அம்மாவைப் பற்றி இன்னொன்று சொன்னான். அதை எழுத மாட்டேன். அவன் மூக்கில் ரத்தம் வந்தது. ஹெட்மாஸ்டர் ரூமில் அரைநாள் நின்றேன். “என்ன சொன்னான், சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லவில்லை.

சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வெற்றி! வெற்றி! வெற்றி!

திருநெல்வேலி கோர்ட்டில் இன்று நடந்தது. சினிமாவில் வருகிற மாதிரி பெரிய கூண்டெல்லாம் கிடையாது. ஒரு நீளமான ரூம். மேலே மூன்று பேர். சுற்றிலும் அவரவர் கேஸுக்குக் காத்திருக்கிற ஜனம். ஒருத்தர் மடியில் பழுதான மிக்ஸி. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தடித்த கண்ணாடி, மெல்லிய குரல்.

“வயிற்று வலி என்றுதானே சொன்னீர்கள்?”

“ஆமா.”

“வேறு எந்த இடத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, இல்லையா?”

அம்மா நின்றாள். ரூமே நின்றது. பிறகு என் வசனத்தை, நான் எழுதிக் கொடுத்த அதே வசனத்தை, ஒரு எழுத்து பிசகாமல் எடுத்து வீசினாள். கண்ணாடி வக்கீலுக்குக் கண்ணாடி வேர்த்துவிட்டது. மேலே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிக்ஸி வைத்திருந்தவர் மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை. நான் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாவூர்சத்திரம் தாண்டியும் விடவில்லை. வெளியிடத்தில் அப்பா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேவாவிடம் முழுக்கதையும் நடித்துக் காட்டினேன். கேன்டீனில் இரண்டு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தான். எதிரிகள் கலைந்தனர்.

செப்டம்பர் 18, வியாழன்

வாதம் முடிந்தது. தீர்ப்புக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். சீசனும் முடிந்தது. அருவி நூல் மாதிரி விழுகிறது. அப்பா ஜட்டிகளை எண்ணெய்த் தாளில் சுற்றி மேலே ஏற்றிவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. அம்மா போகவில்லை. ஏம்மா என்றேன்.

“பாட்டு மாஸ்டர் வந்ததும் என்ன சொல்லுவாரு? ‘எல்லாரும் அடிவயித்துலருந்து பாடுங்க’ம்பாரு. அங்கன என்ன இருக்கு எனக்கு, பாடுததுக்கு?”

சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி. சொல்லிவிட்டு ஃபேனைப் போட்டாள்.

நான் அந்த ஃபேனின் அடியில் போய் அவளோடு உட்கார்ந்தேன். குளிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 12, புதன்

தள்ளுபடி.

எங்கள் கடையில் அந்த வார்த்தையைப் பார்த்தால் ஜனம் சிரித்துக்கொண்டு உள்ளே வரும்.

வக்கீல் மேடம் போனில் சொன்னார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். இங்கிலீஷ் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஆகவே எல்லாம் தெரிந்துதான் வைத்தாள். மஞ்சக்கட்டடத்துச் சீட்டில் வயிற்று வலி என்று மட்டும்தான் இருக்கிறது. விசாரணையில் அம்மா சொன்னது மனுவில் எங்கேயும் இல்லை, பிற்பாடு யோசித்துச் சேர்த்தது, நம்புவதற்கில்லை.

“மொதல்லயே என்கிட்ட சொல்லிருந்தா மனுல எழுதிருப்பேன் எப்சிபா. அன்னைக்கு ஆபீஸ்ல ‘வேற எதாவது’ன்னு கேட்டேன்லா?” மேடம் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியதைப் பார்க்கப் போனாள். அன்னைக்கு அவ வாயெடுத்தா. நான்தான்லா டிக்ஷனரி, கிக்ஷனரின்னு… சீ.

பால் அடுப்பெல்லாம் வழிந்துகிடந்தது. துடைத்துக்கொண்டே, “இப்ப கோர்ட்டும் சொல்லிட்டு, நான் சொல்லலன்னு” என்றாள். யாரிடமும் இல்லை, அடுப்பிடம்.

நவம்பர் 13, வியாழன்

“ஒன் வசனம் என்னலே ஆச்சு?” என்றான் தேவா. மேல்கோர்ட்டுக்கு அது புரியும் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

அப்பா சொன்னார்: “அப்பீல் போவோம்.”

அம்மா சொன்னாள்: “ஊரு சிரிக்குமே.”

அப்பா சொன்னார்: “சிரிக்கட்டும். அதுகளுக்கு வேற என்ன சோலி?”

இதே அப்பாதானா என்று பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். இதே அப்பாதான்.

நவம்பர் 29, சனி

மறுபடியும் திருநெல்வேலி, மேடம் ஆபீஸ். மிக்சர் இல்லை. மதுரையில் இருக்கிற மேல்கோர்ட்டுக்கு அப்பீல் எழுதவேண்டும். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எப்சிபா, கோர்ட்டுல சொன்னத மறுபடி ஒருக்க முழுசா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். தம்பி வேணா வெளிய இருக்கட்டுமா?” என்றார்.

நான் பாதி எழுந்துவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். “இருக்கட்டும் மேடம். அவன் இருந்த எடத்தப் பத்தித்தான பேசுதோம்.”

பிறகு சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, ஆனால் தலை குனியாமல்.

“மொத ரெண்டு தடவையும் அங்கன சீட்டு எழுதுத ஆம்பளகிட்ட வயித்து வலின்னுதான் சொன்னேன். வேற எப்படிச் சொல்லுவேன்? மூணாவது தடவ டாக்டரம்மா மட்டும் இருந்தாங்க. அவங்க காதுகிட்டப் போயி, ‘எம்மவன் இருந்த எடம் வலிக்கு டாக்டர்’னு சொன்னேன். அவங்க சீட்டப் பாத்துக்கிட்டே, ‘கேஸுதாம்மா’ன்னுட்டாங்க. அதான் கர்ப்பப்பைன்னு எனக்குத் தெரியாமயா இருக்கு? எனக்கு அதுக்கு வேற பேரு வாயில வரல. எனக்கு அது இவன் இருந்த எடம்தான்.”

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இதை ஏற்கனவே ஒரு தடவை கேட்டவர். அப்படியும் திரும்பிக்கொண்டார்.

நான் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

ஆமாம். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். அன்றைக்கு நான் உள்ளே இல்லை. முதல் கேள்வி வரைக்கும் இருந்தேன். ‘வேறு எந்த இடத்தையும் சொல்லவில்லை, இல்லையா’ என்று அந்த ஆள் கேட்டதும் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் எங்க அம்மா சொல்லப்போறா — எனக்குக் காதெல்லாம் சுட்டுப்போச்சு. எந்திச்சு வெளிய வந்துட்டேன். நான் வந்த பிறகுதான் அவள் வாய் திறந்திருக்கிறாள். என் வசனத்தை அவள் சொல்லவே இல்லை. கண்ணாடி வேர்க்கவில்லை. மிக்ஸிக்காரர் என்ன செய்தார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பஃப்ஸ் இரண்டும் தேவாவுக்குப் பாக்கி.

அன்றைக்குக் கோர்ட்டு வாசல் ரோட்டில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. மெஷின் கடகடவென்று பெரிய சத்தம் போட்டது. உள்ளிருந்து ஒன்றும் காதில் விழக்கூடாது என்று அதை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன். “ஜூஸு வேணுமா தம்பி?” என்று வண்டிக்காரர் கேட்டார். வேண்டாம், மெஷினை மட்டும் நிறுத்தாதீங்க என்றேன்.